அரை மணி நேரச் செவ்வாய்

2059 ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி காலையில் மெட்டில்டா கோபிசெட்டிபாளையத்தில் பேருந்தை விட்டு இறங்கினாள். ஓட்டுநர் இல்லாத அந்தப் பேருந்து, உடைமைகளை மறக்காமல் எடுத்துச் செல்லும்படி மூன்று முறை சொல்லியும் குடையை மறந்துவிட்டாள். மனம் முழுக்க ஒரே ஓர் இயந்திரம்தான் இருந்தது.

சிறுசேரியில் ஒரு கிளவுட் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. வயது நாற்பத்தொன்று, சொந்த ஊர் தூத்துக்குடி. இயந்திரங்களை இயக்கும் மென்பொருள் பொட்டலங்களான இமேஜ்களில் பழையவற்றுக்கு ஓய்வு கொடுத்து, அவற்றில் ஓடிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர்களைப் புதியதற்கு மாற்றுவது அவள் பொறுப்பு. 2051-இல் வெளியான ஓர் இமேஜில் நாற்பதாயிரம் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரிகள், கல்லூரிகள், ஒரு மீன் ஏலக்கூடம் என்று ஒவ்வொருவராகக் கெஞ்சி, மிரட்டி, இரண்டு வருடத்தில் எல்லோரையும் மாற்றிவிட்டாள். ஒன்று மட்டும் அசையவில்லை. கோபிசெட்டிபாளையம், சென்னியாண்டவர் திருமணத் தகவல் மையம்.

அந்த மையத்துக்கு அவள் நாற்பத்தேழு மெயில் போட்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்தது. "தகவலுக்கு மிக்க நன்றி. ஆவன செய்கிறோம்." ஆவன எதுவும் செய்யப்படவில்லை.

"அக்கா, ஆகஸ்ட் முப்பத்தொண்ணுக்குள்ள ஜீரோ ஆகணும்," என்று சொல்லியிருந்தான் அவளுடைய மேலாளர் ஆதவ். அவளைவிடப் பதின்மூன்று வயது இளையவன். "அதுக்கு மேல அந்த இமேஜ்ல ஓடறது எல்லாம் தானா நின்னுடும். நின்னா மறுபடி எழாது. அப்புறம் அந்தக் கல்யாண மையத்துக்காரர் கேஸ் போட்டா, உங்க பேர்தான் முதல்ல வரும்."

அதனால்தான் நேரிலேயே கிளம்பி வந்தாள்.

மையம் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. நாலு சுவரிலும் கல்யாண ஜோடிகளின் படங்கள். நடுவில் பெரிய மேசைக்குப் பின்னால் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். அறுபத்து மூன்று வயது, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பக்கத்து மேசையில் அவரிடம் ஆறு வருடமாக வேலை பார்க்கும் இதழினி. இருபத்தாறு வயது. மெட்டில்டா நிறுவனத்தின் பெயரைச் சொன்னதும் இதழினியின் கை தட்டச்சுப் பலகை மேல் அப்படியே நின்றது. மெட்டில்டா அதைக் கவனித்தாள். ஆனால் அர்த்தம் புரியவில்லை.

"வாங்க மேடம், உக்காருங்க. பொண்ணுக்குங்களா, பையனுக்குங்களா?" என்றார் சென்னியப்பன்.

"எனக்குப் பிள்ளைங்க இல்லை சார். நான் உங்க மெஷின் விஷயமா வந்திருக்கேன். நாப்பத்தேழு மெயில் போட்டேனே."

"மெயிலுங்களா? அதெல்லாம் நம்ம அம்மிணிதான் பாக்கறது. ஏன் கண்ணு, மேடம் ஏதாச்சும் எழுதியிருந்தாங்களா?"

"வந்துச்சுங்க சார். சும்மா விளம்பரம் மாதிரி இருந்துச்சு," என்றாள் இதழினி, திரையைப் பார்த்தபடி.

மெட்டில்டா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து சொன்னாள். மையத்தின் ஜாதகக் கணக்கு எல்லாம் போடும் இயந்திரம் இந்த மாடியில் இல்லை, சிறுசேரியில் இருக்கிறது. அந்த இயந்திரம் கண் விழிக்கும்போது அதற்கு வேண்டிய அடிப்படை அறிவு முழுவதையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்திருப்பார்கள். அதற்குப் பெயர் இமேஜ். வருடா வருடம் தப்புகளைத் திருத்திப் புதிது போடுவார்கள். பழையதை ஒரு நாள் நிறுத்திவிடுவார்கள்.

"பஞ்சாங்கம் மாதிரின்னு சொல்லுங்க," என்றார் சென்னியப்பன்.

"அப்படித்தான் வைங்க."

"போன வருஷப் பஞ்சாங்கத்தை வெச்சுட்டு இந்த வருஷம் நாள் குறிக்கக் கூடாதுங்க. நான் எட்டு வருஷத்துப் பழசை வெச்சிருக்கறனுங்களா?" அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "மாத்தீரலாமுங்க. என்ன பண்ணோணும்?"

இவ்வளவு சுலபமாக முடியும் என்று மெட்டில்டா எதிர்பார்க்கவில்லை. மாலைப் பேருந்தையே பிடித்துவிடலாம். ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி. பழைய இமேஜுக்கும் புதியதற்கும் இடையில் என்னென்ன திருத்தம் நடந்தது என்பதை வாடிக்கையாளருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. மொத்தம் அறுநூற்றுப் பதின்மூன்று வரி. இதுவரை நாற்பதாயிரம் பேரில் ஒருவர்கூடக் காது கொடுத்துக் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக்காரர்களே தூங்கிவிட்டார்கள்.

சென்னியப்பன் கேட்டார். ஜாதகம் கேட்கிற மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிக் கேட்டார். இதழினி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். இருநூற்று நாலாவது வரியில் சென்னியப்பன் கண்ணைத் திறந்தார்.

"சித்த நிறுத்துங்க. அதை இன்னொருக்கா படிங்க."

"இந்திய நேரப் பட்டியலில் 2031 முதல் 2037 வரையிலான மாற்றம் விடுபட்டிருந்தது, சேர்க்கப்பட்டுள்ளது," என்று மெட்டில்டா படித்தாள். "இது சின்ன விஷயம் சார். அந்த ஆறு வருஷம் கரண்டை மிச்சம் பண்ண நாடு முழுக்க கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளி வச்சிருந்தாங்கல்லா? அப்புறம் வேண்டாம்னு பழையபடி ஆக்கிட்டாங்க. அந்த ஒரு வரியைப் போட பழைய இமேஜ்ல மறந்துட்டாங்க. அடுத்ததுல சரி பண்ணிட்டாங்க."

"அப்போ, அந்த ஆறு வருஷத்துல பொறந்தவங்களுக்கு?"

"பிறப்புச் சான்றிதழ்ல தள்ளி வச்ச நேரம் இருக்கும். உங்க மெஷின் அதைப் பழைய நேரம்னு நினைச்சுக்கிடும். அரை மணி கூடப் போகும். அரை மணிதானே சார்?"

சென்னியப்பன் தேநீர் டம்ளரை மேசையில் வைத்தார்.

"மேடம், லக்னம்னு ஒண்ணு இருக்குதுங்க. ஒருத்தர் பொறக்கற நேரத்துல கிழக்க எந்த ராசி எந்திரிச்சு வருதோ அது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா மாறும். அரை மணி தப்பாப் போனா நாலுல ஒருத்தருக்கு லக்னமே வேற. லக்னம் மாறுனா செவ்வாய் தோசம் இல்லாதவங்களுக்கு வந்துரும், இருக்கறவங்களுக்குப் போயிரும். அந்த ஆறு வருசத்துக் கொழந்தைகளுக்கு இப்ப என்ன வயசுங்க?"

மெட்டில்டா கணக்குப் போட்டாள். இருபத்திரண்டிலிருந்து இருபத்தெட்டு.

"எட்டு வருசமா நான் அவங்களுக்குத்தானுங்க கல்யாணம் பண்ணி வெச்சுட்டிருக்கறேன்," என்றார் சென்னியப்பன்.

மெட்டில்டா அவரைச் சமாதானப்படுத்துவதற்காகவே ஒரு காரியம் செய்தாள். புதிய இமேஜில் தனியாக ஓர் இயந்திரத்தை எழுப்பி, மையத்தின் எல்லாத் தகவலுக்கும் ஒரு நகல் கொடுத்து ஓடவிட்டாள். பெரிய வித்தியாசம் ஒன்றும் இருக்காது என்று நம்பினாள். நாற்பது நிமிடத்தில் விடை வந்தது. எட்டு வருடத்தில் மையம் பொருத்தம் பார்த்துக் கொடுத்த ஜோடிகள் இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினான்கு. அதில் இருவரில் ஒருவருக்காவது ஜாதகம் மாறும் ஜோடிகள் ஆயிரத்து நூற்று முப்பத்தேழு.

சென்னியப்பன் சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு மாப்பிள்ளை மாலையோடு அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஈரோட்டுல ராசு சோசியர்னு ஒருத்தருங்க," என்றார். "அவர் போடற லக்னமும் நம்ம லக்னமும் ஒத்தே வராது. சங்கக் கூட்டத்துல நூறு பேர் முன்னால, உமக்குக் கணக்கே தெரியாதுன்னு சொல்லிப்போட்டேன். அந்த மனுசன் அழுதுட்டே போனாரு." பிறகு எழுந்து நின்றார். "இப்பவே மாத்துங்க மேடம். இந்த நிமிசமே. ஆயிரத்து நூத்து முப்பத்தேழு பேருக்கும் புதுச் சான்று போகட்டும்."

"சார், மணி ஒண்ணாகுதுங்க. மேடம் சாப்பிட்டுட்டு வந்து பண்ணட்டும்," என்றாள் இதழினி. அவள் முகம் வெளிறியிருந்தது. பதிலுக்குக் காத்திராமல் மெட்டில்டாவின் கையைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டிப்போனாள்.

தெருமுனை மெஸ்ஸில் இலை போட்டுச் சோறு வைத்ததும் இதழினி சொன்னாள்:

"அக்கா, ரெண்டு மாசம் கழிச்சு மாத்துங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"என்னம்மா சொல்லுத? முப்பத்தொண்ணோட நின்னு போகும். அதைத்தான் நாப்பத்தேழு தடவை எழுதினேன்."

"தெரியுங்க. நாப்பத்தேழும் படிச்சேன். நான்தான் பதில் போட்டேன்."

மெட்டில்டா சாம்பார்ச் சோற்றைக் கையில் எடுத்தபடி அவளைப் பார்த்தாள்.

இதழினி எல்லாவற்றையும் சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சென்னியப்பன் அவளுக்குக் கையால் ஜாதகம் போடக் கற்றுக்கொடுத்தார். பழகுவதற்காகத் தன் ஜாதகத்தையே போட்டாள். அவள் பிறந்தது 2033-இல். சென்னியப்பன் சொல்லிக்கொடுத்தபடி அரை மணி நேரத்தைக் கழித்துப் போட்டால் மேஷ லக்னம் வந்தது. இயந்திரத்தில் போட்டால் ரிஷபம்.

"எனக்குச் செவ்வாய் தனுசுல இருக்குதுங்க. மேஷத்துக்கு அது ஒம்பதாம் இடம், தோசம் இல்லை. ரிஷபத்துக்கு எட்டாம் இடம், கடுமையான தோசம். அம்மா மெஷின் சொன்னதைத்தான் நம்புச்சு. நான் கணக்கு தெரியாம போட்டிருக்கறேன்னுச்சு. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"ஏன்?"

"தோசம்னதும் கனடா மாப்பிள்ளை ஓடிப்போனாரு. பெருந்துறை இன்ஜினியர் ஓடிப்போனாரு. எனக்கு நிம்மதியா இருந்துச்சுங்க." இதழினி கொஞ்சம் தயங்கினாள். "தர்ஷன்னு ஒருத்தர் இருக்கறாரு. மஞ்சள் மார்க்கெட்ல லாரி எடை போடற மேடை இருக்குதல்லங்க, அதை ரிப்பேர் பண்றவரு. அம்மாகிட்ட நேரா சொன்னா அரளி விதையைத் தேடிப் போயிரும். ஆனா அவருக்கு நெசமாவே செவ்வாய் தோசம். தோசத்துக்குத் தோசம் சேரும். ஊர்ல இருக்கற தோசக்காரப் பசங்க ஒவ்வொருத்தரா முடிஞ்சு, நாலு வருசம் கழிச்சு, அம்மாவே அவர் ஜாதகத்தைத் தூக்கிட்டு வந்து, இவனைத் தவிர வேற வழியில்லை கண்ணுன்னு சொல்லுச்சு. செப்டம்பர் பதினொண்ணு கல்யாணம். பத்திரிகை குடுத்தாச்சு."

"அதுக்குள்ள நான் மாத்தினா உனக்குத் தோஷம் போயிடும்."

"போயிரும். அவருக்கு அப்படியே இருக்கும். பொருத்தம் இல்லைன்னு சான்று அம்மா போனுக்கே நேரா வந்துரும்."

மெட்டில்டா ஜாதகத்தைத் தொட்டதே இல்லை. அவளுடைய கல்யாணம் பனிமய மாதா திருவிழாவில் நடந்த ஒரு சண்டையில் தொடங்கியது. ஆனாலும் அந்தச் சாப்பாட்டை அவளால் முடிக்க முடியவில்லை. எந்த இமேஜை ஒழிப்பதற்காக நானூறு கிலோமீட்டர் வந்தாளோ, அதைக் காப்பாற்றும்படி ஒரு பெண் அவள் இலைக்கு எதிரில் உட்கார்ந்து கண் கலங்கிக்கொண்டிருந்தாள்.

மாடிக்குத் திரும்பியதும் மெட்டில்டா தனக்குத் தெரிந்த ஒரே வழியை முயன்று பார்த்தாள்.

"சார், இது பெரிய காரியம். நல்ல நாள் பாத்துச் செய்யலாமே? அடுத்த மாசம் ஏதாவது..."

சென்னியப்பனுக்கு அவள் மேல் மரியாதை கூடியது. மேசை இழுப்பறையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினார். "நாளைக்குக் காலையிலயே இருக்குதுங்க மேடம். ஒம்பதே காலிலிருந்து பத்தே கால். இதை விட்டா இப்படி ஒரு நேரம் அமையாது."

இதழினி மெட்டில்டாவைப் பார்த்தாள். மெட்டில்டா தரையைப் பார்த்தாள். பிறகு, "நீயே சொல்லிடும்மா. எனக்குப் பொய் சொல்ல வரலை, பாத்தியா," என்றாள்.

இதழினி மேசைக்கு முன்னால் போய் நின்று சொன்னாள். மெஸ்ஸில் சொன்னதைவிட இன்னும் சுருக்கமாக. சென்னியப்பன் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மெயில் எல்லாம்?" என்றார் கடைசியில்.

"நான்தானுங்க சார்."

"நாப்பத்தேழுமா?"

"எல்லாத்துக்கும் மரியாதையா பதில் போட்டேனுங்க."

"தப்புன்னு தெரிஞ்சும் எங்கிட்டச் சொல்லலை."

"என் கணக்குதான் தப்போன்னு ஒரு வருசம் நினைச்சேன் சார். தெரிஞ்சதுக்கப்பறம் சொல்ல முடியலை."

சென்னியப்பன் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கீழே ஒரு லாரியில் உர மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இருபது மூட்டை ஏறும்வரை அவர் திரும்பவில்லை.

"ஆயிரம் குடும்பங் கண்ணு," என்றார். "ஒரு ஜாதகத்துலயும் நான் கை வெச்சதில்லை. கோடீஸ்வரன் வந்து கேட்டப்பக்கூட ஒரு கட்டத்தை நகத்தித் தரலை. உனக்கும் அந்தப் பையனுக்கும் பொருத்தம்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"போட்டுட்டீங்களே சார். நிச்சயத்தன்னைக்கே."

அது உண்மைதான். வெற்றிலைத் தட்டில் அவருடைய கையெழுத்துப் போட்ட சான்றை வைத்துத்தான் தாம்பூலம் மாற்றினார்கள்.

அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எதையோ பெருக்கினார், வகுத்தார்.

"மேடம், இந்த ஆயிரத்து நூத்து முப்பத்தேழு பேருக்கும் மெஷின்ல இருந்து ஒரே நேரத்துல சான்று போனா என்னாகுமுங்க? வயித்துப் புள்ளைக்காரி இருப்பா. மாமியாகூடச் சண்டை போட்டுட்டு உக்காந்திருக்கறவ இருப்பா. உங்க ஜாதகம் தப்புன்னு போன்ல ஒரு வரி வந்தா அவ என்ன பண்ணுவா? இது மெஷின் சொல்ற சமாசாரம் இல்லைங்க. நான் பண்ணுன தப்பு, நான்தான் ஒவ்வொருத்தருக்காப் பேசிச் சொல்லோணும். பிறப்புச் சான்றிதழைக் கையில வாங்கிப் பாத்து, புது மெஷின்ல போட்டு, பொறவு குடுக்கோணும். ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு பேர். நாப்பத்தாறு நாள் ஆகும். அதுவரைக்கும் பழசும் ஓடட்டும்."

"வரிசை எப்படி சார்?" என்று மெட்டில்டா கேட்டாள்.

"பழசுல இருந்து புதுசு. எப்பவும் அப்படித்தானுங்க." அவர் இதழினியின் பக்கம் பார்க்காமலே சொன்னார். "கடைசியா யாருக்குக் குடுத்தமோ, அவங்க கடைசி. யாருக்காகவும் வரிசையை மாத்த மாட்டேன்."

இதழினி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசியாகச் சான்று வாங்கிய ஜோடி யார் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

இனி மெட்டில்டாவின் பாடு. காலக்கெடுவை அக்டோபர் நடு வரைக்கும் நீட்டிக்க விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் நான்கு தேர்வுகள் இருந்தன: சட்டம், மருத்துவம், பேரிடர், மற்றவை. மற்றவை என்பதைத் தொட்டு, கீழே 'கல்யாணம்' என்று எழுதினாள். ஐந்தே நிமிடத்தில் ஆதவ் கூப்பிட்டான்.

"அக்கா, இந்த இமேஜை மூடறேன்னு நான் மேல சொல்லிட்டேன். கல்யாணம்னு எழுதியிருக்கீங்க. யாருக்குக் கல்யாணம்?"

"ஆயிரத்து நூத்து முப்பத்தேழு பேருக்கு. ஆனா ஏற்கனவே முடிஞ்சது." அரை மணி நேர விஷயத்தை அவனுக்கு விளக்கினாள்.

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அக்கா, எந்த ஊர்னு சொன்னீங்க?"

"கோபி. சென்னியப்பன்னு ஒருத்தர் நடத்துதாரு."

"உரக்கடை மாடியா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் வைஃப் கோபிதான். எங்களுக்கு அங்கதான் பொருத்தம் பாத்தாங்க." ஆதவ் குரலைத் தணித்தான். "நான் பொறந்தது முப்பத்தொண்ணு நவம்பர்."

மெட்டில்டா திரையில் தேடினாள். "இருக்கீங்க. எழுநூத்து நாலாவது ஜோடி. புதுக் கணக்கு என்ன வந்திருக்குன்னு சொல்லட்டுமா?"

"வேண்டாம்," என்று அவசரமாகச் சொன்னான். "வேண்டாம்க்கா. போன வாரம்தான் ஒரு மாதிரி சமாதானம் ஆகியிருக்கோம். அக்டோபர் வரைக்கும் போதுமா, டிசம்பர்னு போடட்டுமா?"

அடுத்த நாள் காலை ஒன்பதே காலுக்கு சென்னியப்பன் முதல் போனைப் போட்டார். ஜோடிகளுக்கு அல்ல, ஈரோட்டு ராசு சோசியருக்கு. பேசி முடித்து வைக்கும்போது அவர் காது சிவந்திருந்தது. "அரை மணி நேரம் திட்டுனாருங்க. கணக்கு சரியாப் போச்சு," என்றார்.

அதன் பிறகு தினமும் இருபத்தைந்து பேர். மெட்டில்டா ஒரு வாரம் தங்கிப் புது இயந்திரத்தை ஒழுங்கு பண்ணிக் கொடுத்துவிட்டுச் சிறுசேரிக்குத் திரும்பினாள். இதழினி தினமும் சாயங்காலம் கூப்பிட்டு நடந்ததைச் சொல்வாள்.

அவினாசிக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நாங்க அடிச்சுக்கறதுக்கு இதுதான் காரணமுங்களா? இருங்க, வீட்டுக்காரிகிட்டக் குடுக்கறேன், நீங்களே சொல்லுங்க," என்றாராம். சத்தியமங்கலத்துப் பெண் ஒருத்தி, மாறினால் மாறட்டும், மாமியாருக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்றாள். அவள் போனை வைத்த பத்தாவது நிமிடம் அந்த மாமியாரே கூப்பிட்டு, மருமகளுக்குத் தெரிய வேண்டாம் என்றாள். புளியம்பட்டி ஜோடி ஒன்றுக்குப் புதிய கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் பொருந்தி வந்தது. கணவன் ரொம்ப நேரம் யோசித்து, "இதைவிடப் பழையதே ஆறுதலா இருந்துச்சுங்க," என்றான். கல்யாணத்தை முறித்துக்கொள்கிறேன் என்று வந்தவர்கள் நாலே பேர். அவர்களும் எப்படியும் முறிக்கிறதாக இருந்தவர்கள்தான்.

ஒரு நாள் மட்டும் இதழினியின் குரல் வேறு மாதிரி இருந்தது. பட்டியலிலேயே இல்லாத ஒருவர் அந்தியூரிலிருந்து வந்திருந்தார். ஐந்து வருடத்துக்கு முன்னால் பவானியில் ஒரு பெண்ணைப் பார்த்து, இருவருக்கும் பிடித்துப்போய், இந்த மையத்தில் பொருத்தம் இல்லை என்று சொன்னதால் நின்றுபோனது. இப்போது அவருக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். "அந்தப் பொண்ணோட எனக்கு இப்பப் போட்டா என்ன வருதுங்க?" என்று கேட்டார். சென்னியப்பன் போட்டுப் பார்த்தார். பொருந்தியது. மறைக்காமல் சொன்னார். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, கொடுத்த தேநீரை முழுக்கக் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு மீதி இருந்த பதினொரு போனையும் சென்னியப்பன் போடவில்லை. அப்படித் திருப்பி அனுப்பிய ஜாதகங்கள் எத்தனை என்று இயந்திரத்தைக் கேட்கும்படி இதழினியிடம் சொன்னார். அவள் கேட்டாள். நாலாயிரத்துச் சொச்சம் என்றது. அவர்களையெல்லாம் எந்த வரிசையில் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் பதினொன்றாம் தேதி கல்யாணம் நன்றாக நடந்தது. மெட்டில்டா வந்திருந்தாள். சென்னியப்பன் முதல் பந்தியில் உட்கார்ந்து, யார் கண்ணையும் பார்க்காமல் சாப்பிட்டார்.

அக்டோபர் ஆறாம் தேதி ஆயிரத்து நூற்று முப்பத்தேழாவது ஜோடி மையத்துக்கு வந்தது. மற்ற ஜோடிகளிடம் கேட்ட மாதிரியே சென்னியப்பன் இவர்களிடமும் பிறப்புச் சான்றிதழைக் கேட்டார். இதழினி தன்னுடையதை எடுத்து வைத்தாள். தர்ஷன் சட்டைப்பையைத் தொட்டான், எடுக்கவில்லை.

"எனக்கு எதுக்குங்க சார்? நான் முப்பதுல பொறந்தவன். என் ஜாதகம் மாறாதுங்களே."

"எல்லார்கிட்டயும் கேட்டனுங்க மாப்பிள்ளை."

தர்ஷன் எடுத்துக் கொடுத்தான். சென்னியப்பன் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"பொறந்த இடம் அரசு மருத்துவமனை, கோபிசெட்டிபாளையம்னு இருக்குது. நீங்க நம்ம படிவத்துல எழுதுனது..." திரையைப் பார்த்தார். "அஸ்ஸாம் மாநிலம், திப்ருகர்."

"அவங்கப்பா அங்க டீ எஸ்டேட்ல இருந்தாருங்க சார்," என்றாள் இதழினி. "அம்மா சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லி வெச்சிருக்குது."

தர்ஷன் தொண்டையைச் செருமினான். "எங்கப்பா ஈரோட்டைத் தாண்டுனதே இல்லைங்க."

இதழினி திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"உனக்குத் தோசம்னு சொன்னாங்க," என்றான் தர்ஷன் இதழினியைப் பார்த்து. "தோசக்காரன்தான் வேணும்னாங்க. எனக்கு இல்லை. பதிவு பண்ண வந்தன்னைக்கு சார் சாப்பிடப் போயிருந்தாரு, நீயும் லீவு. இந்தக் கம்ப்யூட்டர்லயே நேரத்தை அப்படியே வெச்சுட்டு ஊர் ஊரா மாத்திப் போட்டுப் பாத்தேன். விஜயவாடா வரைக்கும் ஒண்ணும் வரலை. கல்கத்தாவுலயும் வரலை. திப்ருகர்ல வந்துச்சு."

"கிழக்க தள்ளிப்போனா ஒரு மணி நேரத்துக்கு மேல வித்தியாசம் வரும்," என்றார் சென்னியப்பன், பழக்க தோஷத்தில்.

சிறுசேரியில் மெட்டில்டா திரையின் முன்னால் காத்துக்கொண்டிருந்தாள். பட்டியலில் அந்த ஒன்றே ஒன்று மிச்சம். எட்டாம் தேதி காலையில் சென்னியப்பன் கூப்பிட்டார்.

"பழசை நிறுத்திக்கலாமுங்க மேடம். எல்லாம் முடிஞ்சுது."

மெட்டில்டா நிறுத்தினாள். நாற்பதாயிரத்திலிருந்து தொடங்கிய எண் பூஜ்யமாயிற்று. ஆதவ் தன் இடத்திலிருந்தே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். எழுநூற்று நாலாவது போனை அவன் கடைசிவரை எடுக்கவில்லை.

"கடைசி ஜோடிக்கு என்ன வந்துச்சு சார்?"

சென்னியப்பன் நடந்ததைச் சொன்னார். மெட்டில்டா சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"சரியான ஊர், சரியான நேரம் போட்டுப் பாத்தனுங்க. பையனுக்கும் தோசம் இல்லை, பொண்ணுக்கும் தோசம் இல்லை. பத்துப் பொருத்தத்துல எட்டு. நானே தேடிப் போயிருந்தாலும் இப்படி ஒரு ஜோடி சேத்திருக்க மாட்டேன்."

"அப்போ இதழினிக்குச் சந்தோஷமா இருக்குமே?"

"ரெண்டு நாளா அம்மிணி அவங்கூடச் சரியாப் பேசறதில்லைங்க. நான் ரெண்டு வருசமா மெயிலுக்குப் பயந்து பயந்து பதில் போட்டனே, உனக்குத் தோசம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லன்னு அவனைக் கேட்டுட்டிருக்குது. உனக்கும்தான் இல்லை, நீ சொன்னியான்னு அவன் கேட்டுட்டிருக்கறான்." சென்னியப்பன் பெருமூச்சு விட்டார். "பொருந்தாத அந்த ரெண்டு எதுன்னு எனக்கு இப்பத்தானுங்க தெரியுது."